உலக வழக்கும் நூல் வழக்கும்

தீயும் செய்தியும் மணமும் பரவும் என்பது உலக வழக்கு. விஞ்ஞான நூல்வழக்கிலோ, மூலக்கூறுகள் தம் ஒழுங்கற்ற இயக்கத்தாற் செறிவு மிக்க இடத்தினின்று குறைந்த இடத்திற்குச் செல்வதே பரவலாகும். 1855இல் உடற்றொழிலியல் அறிஞர் அடோல்ப் பிக் வகுத்த விதியின்படி, தூரம் இருமடங்காயின் பரவுதற்குரிய காலம் நான்மடங்காகும். ஆகவே, அசைவற்ற காற்றில் மல்லிகை மணம் 5 மீற்றர் செல்லப் பல நாட்கள் வேண்டும். கலக்காத குவளை நீரின் அடியிற் கரைந்த சீனி எங்கும் ஒப்ப நிரம்பப் பல வாரங்கள் செல்லும்.

மணத்தை நம்மிடம் விரைந்து கொணர்வது காற்றோட்டமே. எனினும், அதனையே பரவலுக்கு எடுத்துக்காட்டாக மாணவர் ஒப்புவிக்கின்றனர். சொல்லை மனனஞ்செய்து பொருளை விடுதல் கல்வியன்று. தமிழிற் கலைச்சொல் ஆக்கினால் மட்டும் போதாது. அதன் எல்லையை உணர்த்துதல் தமிழாசிரியர்க்கும் விஞ்ஞான ஆசிரியர்க்கும் பொதுக்கடனாகும்.