அனல் மின் நிலையங்களுக்கு இன்னும் எத்தனை தவணை?

தில்லியில் குளிர்காலம் வந்து, காற்று மிக மோசமாகிவிட்டது என்று ஆணையம் அறிவித்தால் கட்டட வேலை உடனே நிற்கிறது. கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர் எல்லோருக்கும் அன்றைக்கே கூலியும் நிற்கிறது. தவணை கேட்க வழியில்லை. நலவாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு நிவாரணம் உண்டு என்கிறார்கள். பதிவில்லாத நம்மவர்கள் கடன் வாங்கி உலை வைக்கிறார்கள்.

அதே காற்றில் கந்தகப் புகையைக் கலக்கும் அனல் மின் நிலையங்களுக்கு என்ன சட்டம் என்று பார்ப்போம்.

2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் ஆணை பிறப்பித்தது. நிலக்கரி நிலையங்களின் தூசு, கந்தக டை ஆக்ஸைடு, நைட்ரஜன் ஆக்ஸைடு, பாதரசம் ஆகியவற்றுக்கு வரம்பு கட்டி, இரண்டே ஆண்டில் நிறைவேற்றச் சொன்னது. நல்ல ஆணைதான். ஆனால் 2017 முடிந்ததும் கந்தகத்துக்கான கெடு 2022க்குத் தள்ளிப்போனது. தலைநகரைச் சுற்றியுள்ள நிலையங்களுக்கு மட்டும் 2019 என்றார்கள். அவற்றிலும் பல அசையவில்லை. 2021இல் நிலையங்களை மூன்று வகையாகப் பிரித்துப் புதுக் கெடு கொடுத்தார்கள். 2022இல் மறுபடியும் நீட்டிப்பு. 2024 டிசம்பரில் இன்னுமொரு நீட்டிப்பு.

2025 ஜூலையில் நீட்டிக்கும் சிரமத்தையும் விட்டுவிட்டார்கள்! மூன்றாம் வகை நிலையங்களுக்குக் கந்தகம் நீக்கும் கருவியே வேண்டாம், புகைபோக்கி விதித்த உயரம் இருந்தால் போதும் என்று அறிவிப்பு வந்தது. நாட்டின் அலகுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 78 இந்த வகைதான். இரண்டாம் வகைக்கு ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்வார்களாம். தலைநகர் வட்டாரத்துக்கோ, பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களுக்கோ பத்துக் கிலோமீட்டருக்குள் இருப்பவைக்கு மட்டும் 2027 டிசம்பர் வரை கெடு.

நம் நாட்டு நிலக்கரியில் கந்தகம் குறைவு என்று காரணம் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் எரிக்கும் அளவு எவ்வளவு? உலகிலேயே மிக அதிகமாகக் கந்தக டை ஆக்ஸைடை வெளியிடும் நாடு இன்று இந்தியா. உயரமான புகைபோக்கி புகையைக் கரைத்துவிடுவதில்லை, தூரத்துக்கு அனுப்புகிறது. போகும் வழியில் அது நுண்ணிய சல்பேட் தூசாக மாறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி யார் யார் நெஞ்சிலோ இறங்குகிறது. பத்துக் கிலோமீட்டர் கோடு வரைபடத்தில் இருக்கலாம், காற்றில் இல்லை. பதர்பூர் நிலையம் 2018 அக்டோபரில் மூடப்பட்டபோது தில்லிக்கு விடிந்துவிட்டது என்று மகிழ்ந்தவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கருவி பொருத்தினால் மின் கட்டணம் ஏறும் என்பது இன்னொரு வாதம். குடிசையில் ஒரு விசிறி ஓட்டும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமல்ல. அந்தப் பாரத்தை ஏழையின் ரசீதில் ஏற்றாமல் இருக்க அரசுக்கு வழியில்லையா? பிள்ளையின் இளைப்புக்கு மருந்துக் கடையில் கொடுப்பதும் நம் கைக்காசுதானே! கருவியும் அறியாத மாயமல்ல. சுண்ணாம்புக்கல் கூழைப் புகையில் தெளித்துக் கந்தகத்தைப் பிடிக்கிறார்கள். மிஞ்சும் ஜிப்சம் சிமெண்டுக்கு உதவுகிறது. பக்கத்துத் தாத்ரியில் பொருத்தியே இருக்கிறார்கள்.

2025 விலக்கை மத்திய அரசு திரும்பப் பெற வேண்டும். 2027 கெடு மேலும் ஒரு நாள்கூட நீளக்கூடாது. காற்றைக் காக்க வேலையை நிறுத்தும் நாட்களில், பதிவு உள்ளவர் இல்லாதவர் என்று பாராமல், வேலை இழந்த ஒவ்வொரு தொழிலாளிக்கும் முழுக் கூலி தரவேண்டும். வாக்குக் கேட்டு நம் குடியிருப்புகளுக்கு வரும் எந்தக் கட்சிக்காரரிடமும் இந்த மூன்றையும் கேட்போம்.