ஊட்டத்தில் இல்லாத இயற்கை, ஊசியில் மட்டும் ஏன்?

போன மாதம் எங்கள் வட்டார இயற்கை உழவர் கூட்டம் ஒரு நண்பரின் தோட்டத்தில் நடந்தது. அருமையான தோட்டம். ஜீவாமிர்தத்துக்கு எத்தனை கிலோ சாணம், எத்தனை லிட்டர் கோமியம், வெல்லம் எவ்வளவு, பயறு மாவு எவ்வளவு என்று அந்தத் தம்பி மனப்பாடமாகச் சொன்னார். எந்த மாட்டுக்கு எவ்வளவு அடர்தீவனம், எந்த நிலத்துக்கு எந்தப் பசுந்தாள் என்று எல்லாம் கணக்காக எழுதி வைத்திருந்தார். எனக்குப் பொறாமையே வந்துவிட்டது.

மதியம் பந்தி முடிந்ததும் இலையில் மிஞ்சிய வெங்காய சாம்பார் சோற்றை அள்ளி நாய்க்குப் போட்டார்கள். அதோடு வேகவைத்த கோழி எலும்பு. பூனைக்குத் தயிர்சோறு. பேச்சுவாக்கில் கேட்டேன்: "தம்பி, நாய்க்கு ஊசி போட்டாச்சா?"

சிரித்தார். "அதெல்லாம் போடறதில்லீங்க சார். நாமதான் இயற்கையாச்சே!"

சுற்றியிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் ஒன்றும் சொல்லவும் இல்லை. விருந்துக்குப் போன இடத்தில் எப்படிச் சொல்வது என்று வந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அவர் சொன்ன அதே வார்த்தையை ஏழு வருஷத்துக்கு முன்னால் நானும் சொன்னவன்.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்று மூன்று ஏக்கர் வாங்கி வந்த புதிது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு நாட்டு நாய்க்குட்டி கொடுத்தார்கள். மணி என்று பெயர் வைத்தோம். இராத்திரி பன்றி வந்தால் குலைத்து விரட்டும், பாம்பு வந்தால் காட்டிக் கொடுக்கும். வேலையாள் வராத நாளிலும் மணி வரும். கால்நடை மருத்துவர் ஒருமுறை மாட்டைப் பார்க்க வந்தபோது, "நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டுடுங்க" என்றார். தலையாட்டினேன், போடவில்லை. நஞ்சில்லாத உணவு, சுத்தமான காற்று, இதற்கு மேல் என்ன ஊசி என்று நினைப்பு.

மணிக்கு இரண்டு வயது நடக்கும்போது தெருநாய் ஒன்று தோட்டத்துக்குள் புகுந்தது. சண்டையில் மணிக்கு முன்னங்காலில் கடி. மஞ்சள் பத்துப் போட்டோம், ஆறிவிட்டது. ஐந்து வாரம் கழித்து ஒரு நாள் கஞ்சியைத் தொடவில்லை. மறுநாள் குரல் மாறியது. கட்டியிருந்த தூணையே கடித்தது. வாயில் எச்சில் ஒழுகியது. நாலாம் நாள் செத்துப்போனது. மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, "வெறிநோய்தான். இதோட புழங்கின எல்லாரும் இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்.

என் மனைவி கையால் சோறு வைத்தவள். எங்கள் தோட்டத்தில் வேலை பார்க்கும் அம்மாவின் மகள் அப்போது ஆறாம் வகுப்பு. விழுந்து சிராய்த்த முழங்காலை மணி நக்கியிருந்தது. மொத்தம் ஐந்து பேர் அரசு மருத்துவமனைக்குப் போனோம். காயத்தில் எச்சில் பட்டதால் அந்தப் பெண்ணுக்கு முழங்காலைச் சுற்றியும் தனியாக மருந்து ஏற்றினார்கள். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "நாய்க்கு ஊசி போட்டிருந்தீங்களா?" கடன் கேட்டு வந்தவரிடம் ஆவணம் சரியா என்று பத்துத் தடவை பார்த்த வங்கிக்காரன், அன்று பதில் இல்லாமல் நின்றேன்.

முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று ஊசி. அந்த நாலு வாரமும் அந்த அம்மா தினமும் என்னைக் கேட்பார்: "சார், எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?" ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். ஆனால் அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. என்னுடைய கொள்கைக்கு அடுத்தவர் பிள்ளையை ஈடு வைத்திருந்தேன்.

இதில் நம் இயக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தூர் கம்போஸ்ட் முறையைத் தந்த ஆல்பர்ட் ஹோவர்டை நாம் எல்லோரும் மதிக்கிறோம். பீகாரின் பூசாவில் அவர் வைத்திருந்த உழவு மாடுகள், கோமாரி கண்ட பக்கத்து மாடுகளோடு மூக்கோடு மூக்கு உரசியும் நோய் வரவில்லை என்று 1940-ல் வெளிவந்த தன் நூலில் எழுதினார். நல்ல மண், நல்ல தீவனம், நல்ல பராமரிப்பு இருந்தால் உடம்பே காத்துக்கொள்ளும் என்பது அவர் எடுத்த முடிவு. பல நோய்களுக்கு அதில் உண்மை இருக்கிறது. நம் வயலிலேயே பார்க்கிறோம்.

ஆனால் வெறிநோய் அந்த வழியில் வருவதில்லை. கடித்த இடத்தில் புகும் கிருமி, நரம்பு வழியே மெதுவாக ஊர்ந்து மூளைக்குப் போகிறது. வழியில் அது உடம்பின் வலுவைக் கேட்பதில்லை. கொழுத்த நாயானாலும் நோஞ்சான் நாயானாலும், அறிகுறி வந்துவிட்டால் முடிவு ஒன்றுதான். மனிதருக்கும் அப்படித்தான். உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதில் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் நாட்டில். இறப்பவர்களில் பெரும் பகுதி கிராமத்து ஏழைகளும் குழந்தைகளும். அதாவது, நம்மைச் சுற்றி இருப்பவர்கள்.

"அந்தக் காலத்துல யாருங்க நாய்க்கு ஊசி போட்டாங்க?" என்று கேட்பார்கள். போடவில்லை, செத்தார்கள். அதனால்தான் 1907-லேயே குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்தது. தொப்புளைச் சுற்றி வரிசையாக ஊசி போட்டுக்கொண்ட பெரியவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். இன்றைக்கு அந்த வேதனை இல்லை. கையில் போடும் சின்ன ஊசி.

சான்றளிப்புக்கு இடைஞ்சல் வருமோ என்ற பயமும் வேண்டாம். அங்கக உற்பத்திக்கான தேசியத் திட்டத்தின் கால்நடை விதிகளே, அந்தப் பகுதியில் உள்ள நோய்க்குத் தடுப்பூசி போடுவதைத் தடுக்கவில்லை.

இனி மறுபக்கம். ஊசி என்றால் "நாம இயற்கை" என்கிறோமே, சோறு வைக்கும்போது அந்த இயற்கை எங்கே போகிறது? எந்தப் பயிருக்கு என்ன வேண்டும் என்று பார்ப்பதுதானே நம் வேளாண்மை? நாய் வேறு, பூனை வேறு, கோழி வேறு. மூன்றுக்கும் நம் இலையில் மிஞ்சியதுதான் தீவனம் என்றால் அது இயற்கை இல்லை, சோம்பேறித்தனம்.

நாய் மனிதனோடு வாழ்ந்து வாழ்ந்து மாவுச்சத்தைச் செரிக்கக் கற்றுக்கொண்ட பிராணி. ராகிக் களியும் சோறும் அதற்கு ஒத்துவரும். ஆனால் அது மட்டும் போதாது. சோறு ஒரு பங்கு என்றால் முட்டையோ மீனோ கறிக்கடைக் கழிவோ வேகவைத்தது இன்னொரு பங்கு இருக்கட்டும். பூசணி, கேரட் கொஞ்சம் சேர்க்கலாம். முட்டை ஓட்டைக் காயவைத்து மாவாகப் பொடித்து, நடுத்தர நாய்க்கு நாளுக்கு அரை டீஸ்பூன் கலந்தால் சுண்ணாம்புச் சத்துக்குப் போதும். வளர்ந்த நாய்க்கு இரண்டு வேளை, குட்டிக்கு மூன்று நாலு வேளை. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை நாய்களுக்கு மட்டும் கடைசி ஒன்றிரண்டு விலா தெரிவது இயல்பு.

கொடுக்கக் கூடாதது முக்கியம். வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டுக்கும் சிவப்பணுவைச் சிதைத்து இரத்தசோகை கொண்டுவரும். ஒரு நாளில் தெரியாது, நம்ம சாம்பார் தினமும் போகும்போது தெரியும். திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் ஆகாது. வேகவைத்த கோழி எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும்.

பூனை கதையே வேறு. அது பிறவியிலேயே மாமிசப் பிராணி. டாரின் என்ற சத்தைத் தன் உடம்பில் போதுமான அளவு உண்டாக்கிக்கொள்ள அதற்கு முடியாது. மாமிசத்திலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெடும், இதயம் பலவீனமாகி வீங்கும். இதய நோய்க்கும் இந்தச் சத்துக்கும் உள்ள தொடர்பை 1987-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். தயிர்சோற்றிலேயே வளர்க்கும் பூனை உயிரோடு இருக்கிறது என்றால், அது நமக்குத் தெரியாமல் எலியும் ஓணானும் பிடித்துத் தின்கிறது என்று பொருள். வேகவைத்த மத்தி, நெத்திலி, முட்டை, கோழி ஈரல் கொஞ்சம் கொடுங்கள். பால் பூனைக்கு அமிர்தம் என்பது நம் கற்பனை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும்.

பூனையை எலிக்காகத்தான் வைத்திருக்கிறோம். அப்புறம் கொட்டகையில் எலி மருந்து எதற்கு? மருந்து தின்ற எலியைத் தின்றால் பூனையும் போகும், ஆந்தையும் போகும். பொறிக்கூண்டு போதும்.

கோழிக்கு அரிசிக் குருணை, முளைகட்டிய கம்பு, அசோலா. குஞ்சுக்குக் கரையானைவிட நல்ல தீவனம் கிடையாது. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை போட்டு நீர் தெளித்து, புற்றுக்குப் பக்கத்தில் சாயந்திரம் கவிழ்த்து வைத்தால் விடியும்போது பானை நிறையக் கரையான். இப்படி எல்லாம் பார்த்துப் பார்த்து வளர்த்த அறுபது கோழியும் வெள்ளைக்கழிச்சலில் ஒரே வாரத்தில் போனதைப் பக்கத்துத் தோட்டத்தில் பார்த்தேன். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் ஒரு ஊசி. கால்நடைத் துறை முகாம் போட்டு இலவசமாகவே போடுகிறது.

மருந்து விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. காய்ச்சல் என்று பூனைக்குப் பாரசிட்டமால் அரை மாத்திரை கொடுத்தாலே உயிர் போய்விடும். நாய்க்குப் போடும் உண்ணி மருந்து பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். அதுவும் பூனைக்கு விஷம். யூகலிப்டஸ் தைலம் போன்றவையும் வேண்டாம். நாம் மேலே பூசும் எதையும் பூனை நக்கிச் சுத்தம் செய்யும், எல்லாம் வயிற்றுக்குள் போகும். மூலிகை என்பதால் மட்டும் ஒன்று பாதுகாப்பானது ஆகிவிடாது. அரளியும் இயற்கைதான்.

என்ன செய்யலாம் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். நாயோ பூனையோ, மூன்று மாதம் ஆனதும் வெறிநோய் ஊசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, பிறகு வருஷம் ஒருமுறை. நாய்க்குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். குடற்புழு நீக்கமும் தவறக் கூடாது. வெறிநோய் ஊசிக்கு ஆகும் செலவு ஒரு ஆள் கூலிக்கும் குறைவு. அரசு கால்நடை மருந்தகத்தில் அதுவும் மிச்சம்.

யாரையாவது நாய் கடித்தால் மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, பச்சிலை எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சிராய்ப்பை நக்கினாலும் அதேதான். நம் வீட்டு நாய்தானே என்று இருக்க வேண்டாம்.

இப்போது எங்கள் தோட்டத்தில் இரண்டு நாய், ஒரு பூனை. பஞ்சகவ்யம் தெளித்த தேதி எழுதும் அதே நோட்டில் அவற்றின் ஊசித் தேதியும் இருக்கிறது. அடுத்த கூட்டம் எங்கள் தோட்டத்தில். ஊர் கால்நடை மருத்துவரையும் அழைத்திருக்கிறேன். வருகிறவர்கள் நாயையும் பூனையையும் கையோடு கூட்டி வாருங்கள். அந்தத் தம்பிக்கும் போன் செய்துவிட்டேன். "கூட்டிட்டு வர்றனுங்க சார்" என்றார்.