டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் ஒரு வாளி தண்ணீர்



உங்களில் பலர் இப்போது வீடு கட்டும் வயதில் இருக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் பிளானை அனுப்பி, "எப்படி இருக்கு டீச்சர்?" என்று கேட்கிறீர்கள். ரொம்பச் சந்தோஷம். அந்தப் பிளானில் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான். சமையலறைக்குப் பின்னால் வாஷிங் மெஷினுக்கு ஒரு சின்னக் கட்டம் போட்டிருப்பார்களே, அங்கே தரையில் விழும் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது? பெரும்பாலும் அதற்கு ஒரு கோடுகூட இருக்காது. பூஜை அறைக் கதவுக்கு மூன்று டிசைன் பார்க்கிறோம். துணி துவைக்கும் இடத்துத் தரைக்கு ஓர் அம்புக்குறி போட யாருக்கும் தோன்றுவதில்லை.

"அதெல்லாம் பிளம்பர் பாத்துக்குவார் டீச்சர்" என்பீர்கள். அவர் ஒருவரால் பார்த்துக்கொள்ள முடியாது என்பது என் கருத்து. அவருக்குத் திறமை இல்லை என்று சொல்லவில்லை. தரைக்கு அடியில் குழாயையும் நானி டிராப்பையும் வைப்பவர் பிளம்பர். பல நாள் கழித்து வந்து டைல்ஸ் ஒட்டுபவர் வேறு ஆள். டிராப்பின் உயரத்தை ஒருவர் முடிவு செய்கிறார், தரையின் வாட்டத்தை இன்னொருவர். அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவே வாய்ப்பில்லை. டிராப் அரை அங்குலம் தூக்கி நின்றால், டைல்ஸ்காரர் அதற்குத் தக்கபடி தரையை மட்டமாக ஒட்டிவிட்டுப் போவார். ஆகவே வாட்டத்தைத் தீர்மானிப்பது வீட்டுக்காரர்களாகிய உங்கள் பொறுப்பு. அதுவும் தளம் போடுவதற்கு முன்பே.

"மெஷின் தண்ணி ஹோஸ் வழியாத்தானே போகுது, தரைக்கு எதுக்கு வாட்டம்?" என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் துவைப்பது மெஷின் மட்டும் இல்லை. ஊறவைத்த வாளியைக் கவிழ்க்கிறோம். ஈரத்துணி சொட்டுகிறது. குழாய் இணைப்பு கசிகிறது. ஃப்ரண்ட் லோடு மெஷினில் கீழே இருக்கும் ஃபில்டரைத் திறந்தால் மிச்சத் தண்ணீர் தரையில்தான் கொட்டும். அந்த ஹோஸ் என்றாவது கழன்றுவிட்டால், ஒரு வாளி சோப்புத் தண்ணீர் ஒரு நிமிடத்தில் தரையில் பரவிவிடும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? வகுப்பில் சொல்வதுபோலவே வரிசையாகச் சொல்கிறேன்.

1. வாட்டம்: ஒரு மீட்டருக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை இறக்கம் வேண்டும். 5 அடி நீள இடம் என்றால் ஏறக்குறைய 1 அங்குலம். இறக்கம் வாசற்படியை விட்டு விலகி டிராப்பை நோக்கிப் போக வேண்டும். அந்த இடத்தின் தரை, பக்கத்து அறைத் தரையைவிட அரை அங்குலமாவது தாழ்ந்திருக்கட்டும்.

2. டிராப் இருக்கும் இடம்: மெஷினுக்கு அடியில் வைக்கவே கூடாது. துணியின் நூலும் பஞ்சும் வந்து அடைப்பது அங்கேதான். கை எட்டினால்தான் ஜாலியைத் தூக்கிச் சுத்தம் செய்ய முடியும். டிராப்பின் உள்ளே 50 மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். நாற்றமும் கரப்பான் பூச்சியும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். ஊருக்குப் போய் நாளாகித் திரும்பினால் அது வற்றியிருக்கும். அரை வாளி ஊற்றினால் போதும்.

3. மெஷின் ஹோஸ்: தரையில் போடாமல் சுவரோரம் தனிக் குழாய் வைத்து, மெஷின் கையேட்டில் சொன்ன உயரத்தில் மாட்டுங்கள். ஹோஸின் நுனி மிகவும் தாழ்ந்திருந்தால், சில மெஷின்களில் உள்ளே வரும் தண்ணீர் அப்படியே வெளியே இழுக்கப்பட்டுவிடும். ஏழாம் வகுப்புப் பையனுக்குக்கூட சைஃபன் என்றால் தெரியும்.

4. மழைநீர்க் குழாய்: இது மிக முக்கியம். தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். வீட்டின் பின்பக்கம் கைக்கு அருகே இருப்பது மொட்டைமாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய்தான். வேலை சுலபம் என்று அதில் இதைச் சேர்த்துவிட்டால், சோப்புத் தண்ணீர் நேராகச் சேகரிப்புத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் போகும். நாம் குடிக்கும் தண்ணீரை நாமே கெடுத்துக்கொள்வதாகும். சம்மதிக்காதீர்கள்.

5. சோதனை: டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், வாட்டம் பிடித்த தரையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி நின்று பாருங்கள். எங்காவது குளம் கட்டினால் அன்றே சரிசெய்துவிடலாம். மாடியாக இருந்தால், வாட்டர் புரூஃபிங் முடிந்ததும் டிராப்பை அடைத்து 24 மணி நேரமாவது தண்ணீர் தேக்கி, கீழ்வீட்டுக் கூரையைப் பாருங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு என்றால் உடைக்கத்தான் வேண்டும். அதோடு உள்ளே பூசிய வாட்டர் புரூஃபிங்கும் போய்விடும்.

இந்தத் தரை இப்படிக் கவனிப்பாரற்றுப் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். அங்கே தினமும் நிற்பவரிடம் யாரும் கேட்பதில்லை. ஹாலின் டைல்ஸைத் தேர்ந்தெடுக்கக் குடும்பமே கடைக்குப் போகிறது. ஆனால் துவைக்கும் இடத்தில் தண்ணீர் நின்றால், அம்மாவோ மனைவியோ வேலைக்கு வரும் அக்காவோ துடைப்பத்தால் தள்ளிக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறோம். சோப்புத் தண்ணீர் தேங்கிய மழுமழு டைல்ஸில் 60 வயதைத் தாண்டிய ஒருவர் கால் வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு முறியலாம். அதன்பிறகு அவர் பழையபடி நடப்பாரா என்பதே கேள்வி. சொரசொரப்பான டைல்ஸுக்கும் ஒரு மணி நேர வாட்ட வேலைக்கும் ஆகும் செலவை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிளான் கையில் இருப்பவர்களுக்கு வீட்டுப்பாடம் தருகிறேன். இந்த வாரமே உங்கள் வீட்டில் துணி துவைப்பவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, மெஷின் எங்கே, வாளி எங்கே, ஈரத்துணி எங்கே என்று கேளுங்கள். பிறகு ஒரு பேனாவை எடுத்து, தண்ணீர் ஓடும் திசைக்கு அம்புக்குறி போட்டு, பிளம்பரையும் டைல்ஸ்காரரையும் ஒரே நாளில் கூப்பிட்டுக் காட்டுங்கள். எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.