குப்பையும் எருவும்

எருச் செய்வது இனத்தான் செய்யான் என்பது நம் குடியானவர்களின் பழமொழி. சுற்றத்தாரும் செய்யாத உபகாரத்தை ஒரு வண்டி எரு செய்துவிடும் என்பது அதன் கருத்து. அந்த எருவுக்கு மூலப்பொருளானதை நாம் நாள்தோறும் வெளியே எறிகிறோம். ஊருக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு வரியும் கொடுக்கிறோம். பின்னர் நிலம் சாரமிழந்துவிட்டதென்று புலம்புகிறோம். இவ்விபரீதத்துக்குக் காரணம் பணக் குறைவா, இயந்திரக் குறைவா, அல்லது வேறொன்றா என்பதை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

எருச் செய்வதில் மாயமொன்றுமில்லை. சருகும் வைக்கோலும் கரிச்சத்தைத் தருகின்றன. காய்கறிக் கழிவும் சாணமும் தழைச்சத்தைத் தருகின்றன. முன்னது ஏறக்குறைய 30 பங்கும் பின்னது 1 பங்குமாக அமைந்து, பாதிக்குச் சற்று மேற்பட்ட ஈரமும், தாராளமான காற்றும் இருக்குமாயின், கண்ணுக்குப் புலனாகாத உயிர்கள் மற்றதைச் செய்துவிடும். ஆனால் அளவு மாறுந்தோறும் இடையூறும் மாறுகிறது. கொல்லைப்புறத்துக் குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 3 அடிக்குக் குறையுமானால் அதில் சூடு தங்காது; மக்குவதற்கு நாளாகும்; களை விதைகளும் சாகமாட்டா. பெரும் பண்ணைகளின் குவியலிலோ சூடு தானே 55 டிகிரிக்கு மேல் ஏறிக் கிருமிகளைக் கொல்கிறது. ஆனால் உள்ளே காற்றுப் புகாது. ஆகவே அவர்கள் நீண்ட வரிசைகளாகக் குவித்து, இயந்திரங்கொண்டு புரட்டுகின்றனர். சிறியதற்குச் சூடு குறை. பெரியதற்குக் காற்று குறை. இரண்டுக்கும் பரிகாரம் உண்டு. எவ்வளவிலும் பரிகாரமில்லாத குறை ஒன்றே. அதுதான் கலப்படம்.

இதற்குச் சரித்திரமே சாட்சி. 1905-ல் இந்தியாவுக்கு வந்த ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, நம் குடியானவர்களையே தமக்கு ஆசான்களாகக் கொண்டார். 1924 முதல் இந்தூரில் அவர் நடத்திய ஆராய்ச்சியின் பயனாக, சருகும் சாணமும் மூத்திரம் ஊறிய மண்ணும் சாம்பலும் கலந்து, பன்முறை புரட்டி, மூன்று மாதத்தில் எருவாக்கும் முறை உருவாயிற்று. 1931-ல் யஷ்வந்த் வாத் என்பாருடன் சேர்ந்து அதை நூலாகவும் வெளியிட்டார். பின்னர் பெங்களூரில் ஆசார்யா என்னும் விஞ்ஞானி, நகரக் குப்பையையும் மலத்தையும் குழிகளில் அடுக்கி மூடி, புரட்டாமலே எருவாக்கும் வழி கண்டார். அந்நாளைய குப்பையில் பிளாஸ்டிக்கும் பாட்டரியும் இன்றுபோல் மலிந்திருக்கவில்லை. ஆதலால் ஊர்க் குப்பை பெரும்பாலும் வயலுக்குப் போகத் தகுதியாயிருந்தது.

இன்று நிலைமை வேறு. குப்பை உண்டாக்கும் ஒவ்வொருவரும் அதனைப் பிரித்தே கொடுக்க வேண்டுமென 2016-ம் வருஷத்து விதிகள் கட்டளையிட்டன. அதே வருஷத்தில் மத்திய சர்க்கார் நகர எருவுக்கு டன்னுக்கு 1500 ரூபாய் உதவியும் அறிவித்தது. சட்டம் பிறந்தது; பணமும் வந்தது. ஆயினும் வீட்டார் பிரித்துக் கொடுத்ததையும் ஒரே லாரியில் கொட்டிக் கலக்கும் காட்சியை நாம் கண்ணாரக் கண்டோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? கலந்த குப்பையை எந்த இயந்திரத்திலிட்டுச் சலித்தாலும் கண்ணாடித் தூளும் ஈயமும் எருவோடு கூடவே வரும். அதைத் தன் நிலத்தில் இட மறுக்கும் விவசாயியைக் குறை கூறுவது நியாயமன்று.

"யூரியா மலிவாய்க் கிடைக்கும்போது எரு எதற்கு?" என்பாருமுளர். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. நகர எருவிலோ ஒரு பங்களவே. இதை நாம் மறைக்கவில்லை. ஆனால் நீரைப் பிடித்துவைக்கும் சக்தியையும் மண்ணின் உயிரையும் யூரியா தராது. மேலும், சத்துக் குறைந்து பாரம் மிகுந்த பண்டத்தை வெகுதூரம் கொண்டுபோனால் வண்டிக் கூலியே அதன் விலையை விழுங்கிவிடும். ஆகவே எரு, குப்பை பிறக்கும் இடத்துக்கும் வயலுக்கும் அருகிலேயே உண்டாக வேண்டும். பத்து ஊர்க் குப்பையை ஓரிடத்தில் குவிக்கும் பெருந்தொழிற்சாலை மோகம் இங்கேதான் தவறுகிறது.

கேரளத்து ஆலப்புழை நகரம் தன் குப்பையை அடுத்த ஊரான சர்வோதயபுரத்தில் கொட்டிவந்தது. அவ்வூரார் எதிர்த்து நிற்கவே, 2012-ல் அந்நகரம் விழித்துக்கொண்டு வீட்டுக்கு வீடு எரிவாயுக் கலங்களையும், வட்டாரந்தோறும் காற்றோட்டமுள்ள எருத் தொட்டிகளையும் அமைத்தது. சென்னையிலோ, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த பெருங்குடிக் குப்பை மேடு 2022 ஏப்ரலில் பற்றியெரிந்து நாட்கணக்கில் புகைந்தது. இரண்டில் எது நமக்கு வழிகாட்டி?

ஸ்தல ஸ்தாபனங்கள் கலந்த குப்பையை ஏற்க மறுக்க வேண்டும். பிரித்ததைக் கலக்கும் ஒப்பந்தக்காரருக்குக் கூலி தரலாகாது. சர்க்கார் உதவி எருவின் எடைக்கன்றி, அதன் சுத்தத்துக்கே அளிக்கப்பட வேண்டும். இவற்றை வற்புறுத்தும் உரிமை நமக்குண்டு. ஆனால் உரிமை கேட்பவன் முதலில் தன் கடமையைச் செய்தவனாயிருக்க வேண்டுமன்றோ? நாம் கலந்து வீசுவதைத் துப்புரவுத் தொழிலாளி தன் வெறுங்கையால் பிரிக்கிறான். உடைந்த கண்ணாடி அவன் கையைத்தான் கிழிக்கிறது. அந்தக் கைக்கு நாம் செலுத்த வேண்டிய மரியாதை, நாளைக் காலையில் நம் சமையலறையில் வைக்கும் இரண்டாவது தொட்டியிலிருந்து தொடங்கட்டும்.