நண்டு வைத்தியர் செய்த குற்றம் யாது?

டாக்டர் ஜாய்ட்பெர்க்கைப் பற்றிப் பேச்செழும் இடத்திலெல்லாம் ஒரே தீர்ப்புத்தான் கேட்கிறது. தொழில் தெரியாத வைத்தியர்; ஆயினும் பாவம், நல்லவர்; ஆகையால் சிரித்துவிட்டுப் போகலாம் என்பர். இத்தீர்ப்பைச் சொல்வோருக்கு இஃது எவ்வளவு சௌகரியமானது பாருங்கள்! சிரித்த குற்றமும் இல்லை. இரங்கிய புண்ணியமும் உண்டு. இத்தீர்ப்பில் முற்பாதி அரை உண்மை, பிற்பாதி அதனினும் குறைவு என்று நாம் வாதாட வந்திருக்கிறோம்.

அறியாதார் பொருட்டுச் சில சொற்கள். அமெரிக்கரான மாட் குரோனிங், டேவிட் எக்ஸ். கோஹன் என்பவரைத் துணைக்கொண்டு ஆக்கிய 'பியூச்சராமா' என்னும் சித்திரத் தொடர், 1999-ஆம் ஆண்டு மார்ச்சு 28-இல் தொலைக்காட்சியில் தோன்றிற்று. 2003-இலும் 2013-இலும் நிறுத்தப்பட்டு, 2023-இல் மறுபடியும் எழுந்தது. பீட்ஸா கொண்டுபோய்க் கொடுக்கும் பிரை என்ற பையன், 1999-ஆம் ஆண்டின் கடைசி இரவில் குளிர்ப்பெட்டியில் விழுந்து உறைந்து, ஆயிரம் ஆண்டு கழித்துக் கண் விழிக்கிறான். புதிய நியூயார்க் நகரமும் புதியதாய் மாறி நிற்கிறது. அங்கே கிரகம் விட்டுக் கிரகம் மூட்டை சுமக்கும் 'பிளானட் எக்ஸ்பிரஸ்' என்ற கம்பெனியில் வேலைக்கு அமர்கிறான். கம்பெனிக்கு உடையவர் பார்ன்ஸ்வொர்த் என்னும் தொண்டு கிழவரான பேராசிரியர். கப்பலோட்டுபவள் ஒற்றைக் கண்ணி லீலா. திருடும் இயந்திர மனிதன் பெண்டர். கணக்கும் கடுதாசியும் பார்ப்பவர் ஹெர்மீஸ். இவர்கள் அனைவருக்கும் வைத்தியம் பார்க்க நியமிக்கப்பட்டவரே டெக்காபாட் என்னும் வேற்றுலகத்திலிருந்து வந்த ஜாய்ட்பெர்க். சிவந்த மேனி, கைக்குப் பதில் கொடுக்கு, வாயைச் சுற்றித் தொங்கும் மீசை போன்ற தசைகள், அதன்மேல் ஒரு வெள்ளை மேலங்கி. சிங்கி இறால் ஒன்று எழுந்து நின்று வைத்தியம் பார்ப்பதாகக் கொள்க.

இவர் முதன்முதலில் பிரையைச் சோதிக்கும் காட்சி 1999 ஏப்ரல் 4-இல் வந்தது. பிரையை ஓர் இளம்பெண் என்று விளிக்கிறார். தாம் மனிதர் விஷயத்தில் நிபுணர் என்கிறார். பின்பு, உன் வாய்களில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் திற என்கிறார்! இக்காட்சியில் யாமும் வயிறு வலிக்கச் சிரித்தோம், ஒளிப்பதற்கில்லை. அச்சிரிப்பு நியாயமான சிரிப்பே. ஏனெனில், ஒன்றை அறியாமை வேறு, அறியாததை அறிந்ததாகச் சொல்லிக்கொள்ளுதல் வேறு. தம்மை நிபுணர் என்ற அந்த ஒரு சொல்லுக்காக அவர் நகைக்கப்பட வேண்டியவரே. பட்டமும் மேலங்கியும் கண்டு வாய் பிளக்கும் உலகத்தாரும் உடன் நகைக்கப்பட வேண்டியவரே.

ஆனால், அவருடைய அறியாமை எத்தகைய அறியாமை என்று நிறுத்தி வினவியவர் எத்தனை பேர்?

இவ்விடத்தில் வேறொரு கதையை நினைவூட்டுகிறோம். 1966 முதல் 1969 வரை வந்த 'ஸ்டார் டிரெக்' என்னும் அமெரிக்கத் தொடரில் மக்காய் என்றொரு வைத்தியர் உண்டு. அவர் மனிதர். அவரிடம் வரும் நோயாளிகளிலே ஸ்பாக் என்பவர் வல்கன் என்ற வேற்றுலகக் குலத்தைப் பாதி இரத்தமாகக் கொண்டவர். அவருடைய இரத்தம் பச்சை நிறம். நமக்குக் கல்லீரல் இருக்குமிடத்தில் அவருக்கு இருதயம். 1967-இல் வந்த ஒரு கதையில் ஸ்பாக்கின் தந்தைக்கு இருதய நோய் கண்டபோது, வல்கன் உடலைக் கத்தியால் தொட்டறியாத மக்காய், ஐயத்தோடும் அச்சத்தோடும்தான் சத்திர சிகிச்சைக்கு இறங்குகிறார். நோயாளியும் பிழைத்தார், வைத்தியரும் புகழ் பெற்றார். அக்கதையைப் பார்த்து எவரேனும் மக்காயைத் தொழில் தெரியாதவர் என்று கைகொட்டிச் சிரித்ததுண்டா? இல்லை. அங்கே நகைக்கப்படுவது வைத்தியரின் அறியாமையன்று. நோயாளியின் பச்சை இரத்தமும் கூரிய காதும்!

மனித வைத்தியன் வேற்றுலகத்தான் உடலை அறியாவிட்டால், அவ்வுடல் விசித்திரமானது என்கிறோம். வேற்றுலக வைத்தியன் மனித உடலை அறியாவிட்டால், அவன் மூடன் என்கிறோம். இரண்டும் ஒரே அறியாமை. தராசு மட்டும் நம் கையில் இருக்கிறது. எவனுடைய உடல் அளவுகோல் என்று வைத்துக்கொள்கிறோமோ, அவனை அறியாதவனே அறிவிலியாகிறான். நோயாளியின் மொழி தெரியாத வைத்தியர் முன்னே நின்று, எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் கைகாட்டிய அனுபவம் உடையோர்க்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அங்கே மூடன் என்ற பெயர் வைத்தியருக்கு வந்ததா, நோயாளிக்கு வந்ததா என்பதையும் அவர்களே அறிவர்.

நாம் வலிந்து பொருள் கூறுவதாக எண்ண வேண்டா. அத்தொடரை எழுதியவர்களே ஒருமுறை இவ்வுண்மையை ஒப்புக்கொண்டார்கள். 2011-இல் வந்த கதை அது. வைத்தியரின் கைபட்டுச் சிதைந்த கம்பெனியார் ஒன்றுகூடி, இவரை வேலையை விட்டுத் தள்ளுக என்று பேராசிரியரிடம் முறையிடுகிறார்கள். அவர் மறுக்கிறார். ஏன் மறுக்கிறார் என்பதே கதை. நெடுங்காலத்துக்கு முன்பு, நெப்டியூனின் துணைக்கோளான டிரைட்டனில் பனி மனிதனை வேட்டையாடச் சென்ற இடத்தில், பேராசிரியருக்குக் கொடிய நோய் ஒன்று பற்றியிருக்கலாம் என்ற ஐயம் உண்டாயிற்று. அந்நோய் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, ஒருநாள் விழித்துக்கொண்டு, சொல்லொணா வேதனையுடன் கொல்லுமாம். அந்நாள் வரும்போது வேதனையின்றி என் உயிரை முடித்துவிடு என்று பேராசிரியர் வேண்ட, ஜாய்ட்பெர்க் வாக்களித்தார். அவ்வாக்குக்காகவே இத்தனை காலமும் உடனிருக்கிறார்.

இவர் மூடரல்லர் என்பதும் அக்கதையிலேயே வெளியாகிறது. மனிதரல்லாத பிற உயிர்களின் உடற்கூற்றிலே இவர் கைதேர்ந்தவர்! தமக்கென்று ஓர் ஆராய்ச்சிச் சாலையும் பெருஞ்செல்வமும் பெற்றிருக்கக் கூடியவர். நண்பருக்காக அவ்வளவையும் விட்டு, தமக்குத் தெரியாத மனித உடலைத் தடவிக்கொண்டு ஒரு மூட்டைக் கம்பெனியில் கிடக்கிறார். இறுதியில், பேராசிரியருக்கு வந்திருப்பது அக்கொடிய நோயன்று, அவர் பனி மனிதனாக மாறிக்கொண்டிருக்கிறார் என்று கண்டுபிடித்துக் குணப்படுத்துபவரும் அவரே.

அப்படியாயின் குற்றவாளி யார்? மாட்டு வைத்தியரை அழைத்து வந்து மனிதர் பல்லைப் பிடுங்கச் சொல்லி, இரத்தம் வடிந்ததும் அவர் தலையில் பழி சுமத்தும் முதலாளியை நாம் என்னென்போம்? பேராசிரியர் அன்பினால் அவரை வைத்துக்கொண்டார் என்பர். அன்புதான். ஆனால் அவ்வன்பின் செலவைக் கொடுத்தவர்கள் கையும் காலும் இழந்த தொழிலாளர்கள். முதலாளியின் நட்புக்குத் தொழிலாளியின் உடல் பலியா? எழுதியோர் இக்கேள்வியைக் கேட்கவில்லை, நாம் கேட்கிறோம். ஜாய்ட்பெர்க்கின் பக்கம் நின்று வாதாடுகையிலும், அவர் மேசையில் படுத்தவனை நாம் மறக்கவில்லை என்பதற்காக இதைச் சொன்னோம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். அவரை அக்கம்பெனியார் நாள்தோறும் எதற்காக ஏசுகிறார்கள்? தவறான வைத்தியத்துக்காகவா? 2011-இல் வந்த அந்த ஒரு முறையீட்டை நீக்கிப் பார்த்தால், மற்ற நாட்களில் ஏச்செல்லாம் வேறு காரணத்துக்காக. அவர் ஏழை. அவருக்குப் பசி. குப்பைத் தொட்டியைக் கிளறி உண்கிறார். அவர்மேல் நாற்றம் வீசுகிறது. விருந்தென்றால் அழைக்கப்படாமல் வந்து நிற்கிறார். கூட்டத்தில் அவர் வாய் திறந்தால் எல்லோரும் முகம் திருப்புகிறார்கள். ஹெர்மீஸின் வசைகளுக்குக் கணக்கேயில்லை. அறுத்த கைக்கு மன்னிப்புண்டு, அழுக்குச் சட்டைக்கு மன்னிப்பில்லை! அறியாமையைப் பொறுத்து, வறுமையைத் தண்டிக்கும் இவ்விபரீத நீதியைத்தான் வேடிக்கை வேடிக்கை என்று உலகம் ரசித்துக்கொண்டிருக்கிறது.

'அது வெறும் ஹாஸ்யம். ஜாய்ட்பெர்க்கே தம் பசியைச் சொல்லிச் சிரிக்கிறாரே' என்று தடை கூறுவோர் உளர். நல்ல தடை, விடை கூறுவோம். அவருக்குக் குரல் கொடுப்பவர் பில்லி வெஸ்ட். ஜார்ஜ் ஜெஸ்ஸல், லூ ஜகோபி என்ற பழைய யூத நடிகர்களின் குரலை மனத்திற் கொண்டு அக்குரலை அமைத்தார். (பெயரின் கதை வேறு. கோஹன் பள்ளிப் பருவத்தில் ஆக்கிய 'ஜாய்ட்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டிலிருந்து அது வந்தது.) அக்குரலுக்குப் பின்னே, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஒன்றுமில்லாமல் கப்பலேறி அமெரிக்கா வந்த மக்களின் நகைச்சுவை நிற்கிறது. வெறுங்கையோடு வந்தவன், தன் வெறுங்கையைத் தானே காட்டிச் சிரித்தான். பிறன் சிரிப்பதற்கு முன்னால் தான் சிரித்துவிட்டால் வலி குறையும் என்று சிரித்தான். அது வீரம். அந்த வெறுங்கையைச் சுட்டி அடுத்தவன் சிரிப்பது வீரமன்று. ஜாய்ட்பெர்க் தம் பசியைச் சொல்லும்போது எழும் சிரிப்பும், ஹெர்மீஸ் அப்பசியைச் சொல்லும்போது எழும் சிரிப்பும் ஒன்றென்பவர், காதை எங்கோ அடகு வைத்தவர்.

அந்த ஹெர்மீஸின் கதையையும் கேளுங்கள். 2012-இல் வந்த கதையில், தம் உடல் போதிய திறமையுடையதன்று என்று எண்ணிய ஹெர்மீஸ், உறுப்புக்களை ஒவ்வொன்றாய் அகற்றி இயந்திர உறுப்புக்களைப் பொருத்திக்கொண்டே போகிறார். மூளையையும் மாற்ற வேண்டும் என்றபோது பேராசிரியரே மறுத்துவிட, ஜாய்ட்பெர்க் முன்வருகிறார். எறிந்த உறுப்புக்களையெல்லாம் பொறுக்கியெடுத்துத் தைத்து, ஒரு பொம்மையாக்கி விளையாடிக்கொண்டிருந்தவர் அவர். தைத்த அவ்வுடலுக்குள்ளேயே ஹெர்மீஸின் மூளையை வைத்து அவரை மீட்கிறார். வாழ்நாளெல்லாம் தம்மை ஏசியவனைக் குப்பையிலிருந்து பொறுக்கி உயிரோடு நிறுத்திய கை, தொழில் தெரியாத கையாம்!

2013-இல் வந்த கதை இன்னும் மென்மையானது. பிறவியிலேயே மோப்ப உணர்வில்லாத பூக்காரி ஒருத்தி அவர்மேல் அன்பு கொள்கிறாள். அவளுக்கு மூக்கு வைத்தியம் செய்யத் தம்மால் முடியும் என்று அவருக்குத் தெரியும். செய்தால் தம் நாற்றத்தை உணர்ந்து ஓடிவிடுவாள் என்றும் தெரியும். செய்தார். சத்திர சிகிச்சை பலித்தது. அவளோ பூவின் மணத்தை வெறுத்து, அவருடைய நாற்றத்தை விரும்பினாள் என்று கதையை முடித்தார்கள். அம்முடிவு எமக்கு முழுதும் உடன்பாடன்று. நாற்றத்தை நறுமணமாக்கிவிட்டால் மாத்திரம் ஏழைக்கு அன்பு கிடைக்குமோ? ஆயினும், தாம் இழக்கப்போவது இன்னதென்று தெரிந்தே கத்தியை எடுத்தாரே, அது போதும்.

'நல்லவர், ஆகவே மன்னிப்போம்' என்ற சொல் எமக்கு ஏன் கசக்கிறது என்று இப்பொழுது விளங்கும். 2002-இல் வந்த கதையில், அவரவர் விரும்பியதைச் செய்யலாம் என்ற சுதந்திரத் திருநாளன்று, அவர் பூமியின் கொடியைத் தின்றுவிடுகிறார். நேற்றுவரை அவரைப் பாவம் என்றவர்கள் அன்று எங்கே போனார்கள்? கூட்டம் அவர்மேல் பாய்ந்தது. நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. அவருடைய குலத்தார் படையெடுத்து வந்து பூமியை அடிமைப்படுத்தியபோது, வேறொரு கொடிக்குத் தீ மூட்டி எறிந்து பூமியை விடுவித்தவரும் அவரே. இரங்கியவரின் இரக்கம் எத்தனை நாழிகை நின்றது பார்த்தீர்களா? இரக்கம் கொடுத்தவன் இரக்கத்தைத் திருப்பிக்கொள்ளவும் கூடும். ஜாய்ட்பெர்க் கேட்பது அதுவன்று. மேசையில் ஓர் இடம், தட்டில் ஒரு பிடி சோறு, தாம் கற்ற தொழிலுக்கேற்ற நோயாளி.

எம்மை மறுப்போர் தாராளமாக மறுக்கலாம். ஆனால், 1967-இல் மக்காய் கத்தி எடுத்த கதையையும், 2011-இல் ஜாய்ட்பெர்க் வாக்குக் காத்த கதையையும் ஒரே இரவில் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு எழுதுக.