கல் சுற்றுகிறது; கை ஓயவில்லை!

அம்மி மூலைக்குப் போய்விட்டது. ஆட்டுக்கல் கொல்லைக்குப் போய்விட்டது. மழை பெய்தால் அதன் குழியில் தண்ணீர் தேங்குகிறது. காக்கை வந்து குடித்துவிட்டுப் போகிறது.

அடுக்களையில் கிரைண்டர் சுற்றுகிறது. மிக்சி இரைகிறது. அடுப்பில் கியாஸ் எரிகிறது. வசதி உள்ள வீட்டில் துணி துவைக்கவும் எந்திரம் வந்துவிட்டது.

"இந்தக் காலத்துப் பெண்களுக்கு என்ன வேலை இருக்கிறது? பொத்தானை அமுக்கினால் எல்லாம் முடிந்தது!"

இப்படிச் சொல்லாத திண்ணை இல்லை. சொல்லாத மாமியார் இல்லை. சொல்லாத கணவரும் குறைவு.

இந்தப் பேச்சு உண்மையா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்துப் பாடு

ஆட்டுக்கல்லில் மாவு அரைப்பது லேசான வேலை அல்ல. நாலு ஆழாக்கு அரிசி, ஒரு ஆழாக்கு உளுந்து என்றால், உளுந்தைத் தனியாக ஆட்ட வேண்டும். அரிசியைத் தனியாக ஆட்ட வேண்டும். ஒரு கை குழவியைச் சுற்றும். மறு கை மாவைத் தள்ளிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தோள் வலிக்கும். இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

மசாலாவுக்கு அம்மி. நெல் குத்த உரல். விறகு அடுப்பில் புகை. குடும்பத்துக்குச் சோறு போட்ட கைகள் காய்த்துப் போயிருந்தன. கண்கள் சிவந்திருந்தன.

இந்தப் பாட்டைக் குறைத்தது மின்சாரம். 1955-ம் ஆண்டு கோவையைச் சேர்ந்த ப.சபாபதி என்பவர் மாவு அரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார். கல் அதே கல்தான். சுற்றுவது மட்டும் கை அல்ல, மோட்டார். முதலில் ஓட்டல்களுக்குப் போன கிரைண்டர், பிறகு வீடுகளுக்குள் வந்தது. இன்று கோவை கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள்.

வசதி இல்லாத வீடுகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலை இல்லாமல் கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. கூரை வீட்டிலும் கிரைண்டர் ஓடியது.

இது பெரிய நன்மை. இதை யாரும் மறுக்க முடியாது. பழைய ஆட்டுக்கல்லுக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்பவர், முதலில் ஒரு வாரம் தானே உட்கார்ந்து ஆட்டிப் பார்க்கட்டும்!

மிச்சமான நேரம் எங்கே?

எந்திரம் வந்தது. நேரம் மிச்சமானது. அந்த நேரம் யாருக்குக் கிடைத்தது? கேள்வி இதுதான்.

இந்திய மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று மத்திய அரசின் புள்ளியியல் துறை கணக்கு எடுத்திருக்கிறது. 2019-ம் ஆண்டுக் கணக்கின்படி, வீட்டு வேலை செய்யும் பெண் அதற்காக ஒரு நாளில் 299 நிமிடம் செலவிட்டாள். 2024-ம் ஆண்டு மறுபடியும் கணக்கு எடுத்தார்கள். 289 நிமிடம் என்று வந்தது.

ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 10 நிமிடம்!

289 நிமிடம் என்றால் ஏறக்குறைய 5 மணி நேரம். இதற்குச் சம்பளம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லீவும் இல்லை. ஞாயிறு வந்தால் கறிக்குழம்பு, விருந்தாளி என்று வேலை கூடத்தான் செய்யும்.

ஆண்கள் கதை என்ன? 2019-ம் ஆண்டு வீட்டு வேலை செய்த ஆண் அதற்காகச் செலவிட்டது 97 நிமிடம். 2024-ல் அது 88 நிமிடமாகக் குறைந்துவிட்டது. இதுவும் வேலை செய்த ஆண்களின் கணக்குத்தான். 2019-ம் ஆண்டுக் கணக்குப்படி 100 ஆண்களில் சுமார் 26 பேர்தான் வீட்டு வேலையில் கை வைத்தார்கள். பெண்களிலோ 100-க்கு 81 பேர்.

ஏன் குறையவில்லை?

முதல் காரணம், எந்திரம் தானாக எதையும் செய்துவிடுவதில்லை. அரிசியை யார் ஊறப்போடுவது? உளுந்தை யார் கழுவுவது? மாவு பொங்கி வருகிறதா என்று யார் பார்ப்பது? அரைத்த பிறகு கல்லைத் தூக்கிக் கழுவுவது யார்? கிரைண்டர் செய்வது சுற்றும் வேலையை மட்டும்தான். மற்ற வேலை எல்லாம் அப்படியே இருக்கிறது.

இரண்டாவது காரணம், வேலையின் அளவு கூடிவிட்டது. முன்பு பல கிராமங்களில் இட்லி, தோசை என்றால் தீபாவளி, பொங்கல் நாட்களில்தான். மற்ற நாட்களில் கூழ், களி, பழைய சோறு. இப்போது காலையில் இட்லி, இரவில் தோசை. ஒரு பிள்ளைக்குச் சட்னி வேண்டும். இன்னொரு பிள்ளைக்குச் சாம்பார் வேண்டும். "மிக்சி இருக்கிறதே, அரைத்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். துணி விஷயமும் அப்படித்தான். எந்திரம் இருக்கிற தைரியத்தில் நாளுக்கு இரண்டு உடுப்பு மாற்றுகிறார்கள். காயப்போடுவதும் மடித்து வைப்பதும் அம்மாவின் தலையில்!

மூன்றாவது காரணம், துணைக்கு ஆள் இல்லை. முன்பு வீட்டில் பாட்டி இருந்தாள், அத்தை இருந்தாள், நாத்தனார் இருந்தாள். ஒருத்தி ஆட்டினால் இன்னொருத்தி தள்ளிவிடுவாள். பேச்சும் சிரிப்புமாக வேலை நடந்தது. சண்டையும் உண்டு, ஆனால் தோள் கொடுக்க ஆளும் உண்டு. இன்று சின்னக் குடும்பம். நாலு பேரின் வேலையை ஒருத்தி செய்கிறாள்.

இதோடு புதிய வேலைகளும் சேர்ந்துவிட்டன. பள்ளிக்கூடத்துச் செய்தி அம்மாவின் செல்போனுக்கு வருகிறது. கியாஸ் பதிவு செய்வது, கரண்ட் பில் கட்டுவது, பிள்ளையின் வீட்டுப்பாடம் எல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கின்றன. ஒரு கையில் கரண்டி, மறு கையில் செல்போன். இதில் ஓய்வு எங்கே இருக்கிறது?

"உனக்கு வாங்கிக் கொடுத்தேனே!"

பல வீடுகளில் கேட்கும் பேச்சு ஒன்று உண்டு.

"உனக்குக் கிரைண்டர் வாங்கிக் கொடுத்தேன். மிக்சி வாங்கிக் கொடுத்தேன். இன்னும் என்ன குறை?"

கணவர் அன்போடுதான் வாங்கினார். கடன் வாங்கியும் வாங்கியிருப்பார். அதில் குற்றம் இல்லை. ஆனால், "உனக்கு" என்ற ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும்.

இட்லி சாப்பிடுவது யார்? வீட்டில் உள்ள எல்லோரும். அப்படி இருக்கும்போது, கிரைண்டர் மட்டும் எப்படி அவளுடையது ஆகும்? எல்லோரும் சாப்பிடும் மாவை அரைக்கிற எந்திரம் எல்லோருடைய எந்திரம் அல்லவா?

கல்யாணச் சீர்வரிசையைப் பாருங்கள். பெண்ணோடு கிரைண்டர் வருகிறது, மிக்சி வருகிறது, பாத்திரம் வருகிறது. மாப்பிள்ளைக்கு மோதிரம் வருகிறது, மோட்டார் சைக்கிள் வருகிறது. வேலை செய்யும் பொருள் எல்லாம் பெண் பக்கம். அனுபவிக்கும் பொருள் எல்லாம் ஆண் பக்கம். கல்யாணத்தன்றே வேலை பிரிக்கப்பட்டுவிடுகிறது. யாரும் வாய் திறந்து சொல்வதில்லை, பொருள்களே சொல்லிவிடுகின்றன.

ஆணுக்குச் சமையல் வராதா?

"ஆண் வெளியே உழைக்கிறான். வீட்டுக்கு வந்தும் உழைக்க வேண்டுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெயிலில் மூட்டை தூக்குகிறவருக்கும், இரவு பகலாக லாரி ஓட்டுகிறவருக்கும் ஓய்வு வேண்டும்தான்.

ஆனால் மனைவியும் மில்லுக்கோ, வயலுக்கோ, ஆபீசுக்கோ போய் வரும் வீடுகள் எத்தனை? இருவரும் ஒரே நேரத்தில் களைத்துத் திரும்புகிறார்கள். ஒருவர் டி.வி. முன்னால் உட்காருகிறார். இன்னொருவர் அடுப்பு முன்னால் நிற்கிறார். இது எந்த ஊர் நியாயம்?

"ஆணுக்கு அந்த வேலை வராது" என்பதும் சரியல்ல. கல்யாண வீட்டில் ஐநூறு பேருக்குச் சமைப்பது பெரும்பாலும் ஆண்தான். ஓட்டலில் மாவு அரைப்பதும், தோசை சுடுவதும், புரோட்டா அடிப்பதும் பெரும்பாலும் ஆண்தான். அங்கே அவருக்கு வெட்கம் இல்லை. ஏன்? அங்கே கூலி இருக்கிறது! கூலி கிடைத்தால் அது தொழில். கிடைக்காவிட்டால் அது பெண்பிள்ளை வேலை. வெட்கம் கரண்டியில் இல்லை, மனதில்தான் இருக்கிறது.

கோர்ட்டு சொன்னது

சம்பளம் இல்லாத வேலை என்பதால் அது மதிப்பு இல்லாத வேலை ஆகிவிடாது. நீதிமன்றங்களே இதைச் சொல்லிவிட்டன.

விபத்தில் இல்லத்தரசி இறந்துபோனால், "அவருக்கு வருமானம் இல்லையே" என்று இழப்பீட்டைக் குறைக்கலாமா? கூடாது என்கிறது சட்டம். 2021-ம் ஆண்டு ஜனவரி மாதம் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பில், வீட்டில் உழைக்கும் பெண்ணின் உழைப்புக்கும் பண மதிப்பு உண்டு என்று கூறப்பட்டது. மேலே சொன்ன 299 நிமிடக் கணக்கும் அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றது.

2023-ம் ஆண்டு ஜூன் மாதம் சென்னை ஐகோர்ட்டு இன்னும் ஒரு படி மேலே போனது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்தார். மனைவி வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். வீட்டில் மனைவி உழைத்ததால்தான் கணவர் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது. ஆகவே, அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பு வந்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. அதற்கு உதவித் தொகை என்று பெயர் வைக்கவில்லை. "உரிமைத் தொகை" என்று பெயர் வைத்தார்கள்.

கோர்ட்டு ஒப்புக்கொண்டது. சர்க்கார் ஒப்புக்கொண்டது. இனி ஒப்புக்கொள்ள வேண்டியது வீடுதான்!

வீட்டில் என்ன செய்யலாம்?

பெரிய புரட்சி ஒன்றும் வேண்டாம். சின்னச் சின்ன மாற்றம் போதும்.

மாவு அரைத்த பிறகு கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவும் வேலையை வீட்டில் பலம் உள்ள ஆண் எடுத்துக்கொள்ளட்டும். அது கனமான கல். பிள்ளை பெற்ற இடுப்பு அதைத் தூக்கிச் சிரமப்பட வேண்டாம். சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவட்டும். துணி காயப்போடுவதைப் பிள்ளைகள் செய்யட்டும். வாரத்தில் ஒரு வேளைச் சமையல் அப்பாவின் பொறுப்பாக இருக்கட்டும். உப்புக் கூடினாலும் யாரும் சிரிக்கக் கூடாது!

முக்கியமாக, மகனுக்கு ஒரு நீதி, மகளுக்கு ஒரு நீதி கூடாது. பரீட்சைக்குப் படிக்கும் பையனுக்கு அறைக்கே காபி போகிறது. அதே பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணை, "கொஞ்சம் வந்து வெங்காயம் உரி" என்று கூப்பிடுகிறார்கள். அவள் எழுந்து போகும் ஒவ்வொரு நிமிடமும் அவளுடைய மார்க்கிலிருந்து கழிகிறது. அவள் எதிர்காலத்திலிருந்து கழிகிறது.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. "ஆம்பிளைப் பிள்ளை அடுப்பங்கரைக்கு வரலாமா?" என்று விரட்டுவது பல வீடுகளில் தாய்தான். இன்று விரட்டப்பட்ட பையன்தான் நாளை இன்னொரு வீட்டுப் பெண்ணின் கணவன். அங்கே அவன் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தால், அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது யார்?

இத்தனையும் செய்தால் ஒரு தாய்க்கு நாளில் ஒரு மணி நேரம் மிச்சமாகும். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் படுத்துத் தூங்கலாம். பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேசலாம். விட்டுப்போன படிப்பைத் தொடரலாம். எழுத்துக் கூட்டிப் பத்திரிகை படிக்கலாம். சும்மாவும் உட்கார்ந்திருக்கலாம். அது அவள் இஷ்டம்.

கையின் வேலையை எந்திரம் வாங்கிக்கொள்ளும். பாரத்தைப் பங்கு போடுவதற்கு எந்தக் கம்பெனியும் எந்திரம் செய்து விற்கவில்லை. அதை வீட்டில் உள்ள மனிதர்கள்தான் செய்ய வேண்டும். கிரைண்டரின் பொத்தானுக்கு ஆண் விரல், பெண் விரல் என்ற பேதம் தெரியாது. யார் அமுக்கினாலும் கல் சுற்றும்!