கம்பி எட்டாத விமானம்

ஒரு புதுப் பொருளைச் செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். ஒன்று, இதைச் செய்ய முடியுமா? இரண்டு, எவ்வளவு செலவாகும்? இரண்டுக்கும் பதில் எழுதி, பைண்டிங் போட்டு, மேலிடத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் சாத்தியக்கூறு அறிக்கை முடிந்தது. கல்லூரி கடைசி வருட ப்ராஜெக்ட் ஆனாலும் சரி, பல ஆயிரம் கோடித் திட்டமானாலும் சரி, இதே கதைதான்.

மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. வடிவமைப்பவர் மனதில் இருப்பது, செய்பவர் கைக்கு அப்படியே போய்ச் சேருமா? இதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் "அதான் ட்ராயிங் கொடுக்கிறோமே" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ட்ராயிங் மட்டும் போதாது என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. ஏர்பஸ் ஏ380!

முழு நீளத்துக்கும் இரண்டு மாடி கொண்ட விமானம் அது. 853 பயணிகள் வரை ஏற்றிச் செல்ல அனுமதி பெற்றது. திட்டம் 2000 டிசம்பரில் தொடங்கியது, முதல் விமானம் 2005 ஏப்ரல் 27 அன்று பறந்தது. இவ்வளவு பெரிய உருவம் வானில் ஏறுமா என்ற கேள்விக்கு அன்றே பதில் கிடைத்துவிட்டது. அதாவது, "செய்ய முடியுமா" என்ற தேர்வில் முழு மதிப்பெண்.

சிக்கல் வந்தது இறக்கையிலோ என்ஜினிலோ அல்ல, ஒயரில்! யானை முழுசும் போய் வால் மாட்டிக்கொண்ட கதை.

ஏ380 ஒரே இடத்தில் செய்யப்பட்ட விமானம் இல்லை. உடற்பகுதியின் முன்பக்கமும் பின்பக்கமும் ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து வந்தன. இறக்கைகள் பிரிட்டனிலிருந்து, வால் பகுதியின் சில பாகங்கள் ஸ்பெயினிலிருந்து. எல்லாம் கடைசியில் பிரான்சின் துலூஸ் நகரில் ஒன்றுசேர வேண்டும். ஒரு விமானத்துக்குள் ஓடும் ஒயரின் நீளம் 500 கிலோமீட்டருக்கும் மேல். ஹாம்பர்க்கிலிருந்து வந்த பகுதிகளை துலூஸில் பொருத்தப் பார்த்தபோது, ஒயர் கட்டுகள் போய்ச் சேரவேண்டிய இடத்தை எட்டவில்லை. நீளம் போதவில்லை!

காரணம் என்ன? ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் கேட்டியா என்ற வடிவமைப்பு மென்பொருளின் நான்காம் பதிப்பு. பிரான்சிலும் பிரிட்டனிலும் ஐந்தாம் பதிப்பு. ஒரு பக்கம் செய்த திருத்தம் மறுபக்கத்தின் கணினி மாதிரியில் ஒழுங்காக ஏறவில்லை. போதாக்குறைக்கு, எடையைக் குறைக்கப் பல இடங்களில் செப்புக்குப் பதில் அலுமினிய ஒயர். செப்பை வளைப்பதுபோல் அலுமினியத்தை இறுக்கி வளைக்க முடியாது. திருப்பம் பெரிதானால் நீளமும் மாறும். இதற்கு மேல், ஒவ்வொரு விமான நிறுவனமும் தன் விருப்பப்படி கேபின் கேட்டது. கேபின் மாறினால் ஒயரும் மாறும்.

இனி செலவுக் கணக்குக்கு வருவோம். ஹாம்பர்க்கிலிருந்து தொழிலாளர்கள் கூட்டமாக துலூஸுக்கு வந்து, கையாலேயே ஒயர்களைப் பிரித்து மாற்ற வேண்டியதாயிற்று. 2005 ஜூன், 2006 ஜூன், 2006 அக்டோபர் என்று மூன்று முறை தாமதம் அறிவிக்கப்பட்டது. இரண்டாவது அறிவிப்புக்கு மறுநாள், தாய் நிறுவனமான ஈஏடிஎஸ்-இன் பங்கு விலை ஒரே நாளில் 26 சதவீதம் சரிந்தது. அடுத்த மாதமே இரண்டு உயர் தலைவர்கள் பதவி விலகினார்கள். 2010 வரையிலான லாபத்தில் 480 கோடி யூரோ குறையும் என்று நிறுவனமே சொன்னது. சரக்கு விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்த ஃபெடெக்ஸும் யுபிஎஸ்ஸும் விலகிக்கொண்டன. போட்ட முதலை எடுக்க 270 விமானம் விற்றால் போதும் என்றிருந்த கணக்கு, 2006 அக்டோபரில் 420 ஆக உயர்ந்தது. கடைசியில் கொடுக்கப்பட்டவை மொத்தம் 251தான். 2021 டிசம்பரில் கடைசி விமானம் எமிரேட்ஸ் நிறுவனத்துக்குப் போனதோடு உற்பத்தி நின்றது.

ஏ380 நின்றுபோனதற்கு ஒயர் மட்டும் காரணம் என்று சொன்னால் அது நியாயமில்லை. இரண்டு என்ஜின் கொண்ட பெரிய விமானங்கள் குறைந்த எரிபொருளில் தொலைதூரம் பறக்கத் தொடங்கிவிட்டன. நான்கு என்ஜின் விமானத்தை நிரப்பும் அளவுக்குக் கூட்டம் எல்லா வழித்தடத்திலும் இல்லை. சந்தையைக் கணித்ததிலும் தவறு உண்டு. ஆனால் முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் வாடிக்கையாளர் கைக்குப் போனது. விற்பனை சூடுபிடிக்க வேண்டிய நேரத்தில், 2008 பொருளாதார நெருக்கடி வந்து நின்றது. இழந்த இரண்டு வருடத்தை யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

"எல்லோரும் ஒரே சாப்ட்வேர் வாங்கியிருந்தால் தீர்ந்திருக்குமே" என்று தோன்றலாம். தீர்ந்திருக்காது. போட்டி நிறுவனமான போயிங், தன் 787 விமானத்துக்கு எல்லாக் கூட்டாளிகளும் கேட்டியா ஐந்தாம் பதிப்பையே பயன்படுத்த வேண்டும் என்று வைத்தது. என்ன ஆயிற்று? 2007 ஜூலையில் உலகத்துக்குக் காட்டிய முதல் விமானம் தற்காலிக ஆணிகளால் இணைக்கப்பட்டிருந்தது. பல பாகங்கள் வேலை முடியாமலே வந்து சேர்ந்தன. 2008-இல் கொடுக்க வேண்டிய விமானம் 2011 செப்டம்பரில்தான் கொடுக்கப்பட்டது. கோப்பு திறந்துவிட்டது என்பதற்காகச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. "எங்கள் பக்கம் வேலை முடியவில்லை" என்பதைக் காலத்தோடு சொல்வதும், அதைக் கேட்டு எரிந்து விழாமல் இருப்பதும் எந்த மென்பொருளிலும் வராது.

ஆகவே, வடிவமைப்பைப் பிறருக்குப் புரியவைப்பது என்பது வேலையெல்லாம் முடிந்தபின் பார்த்துக்கொள்ளும் அலங்காரம் இல்லை. அது செலவு. பட்ஜெட்டில் அதற்கு ஒரு வரி வேண்டும். இந்த ட்ராயிங்கை யார் படிக்கப்போகிறார்கள், எந்த வடிவில்? நடுவில் ஒரு அளவு மாறினால் அது எத்தனை பேருக்கு, எத்தனை நாளில் தெரியவரும்? பொருந்தவில்லை என்று முதலில் காண்பவர் யாரிடம் சொல்வார்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத சாத்தியக்கூறு அறிக்கை பாதி அறிக்கைதான்.

நான்கு பேர் சேர்ந்து செய்யும் மாணவர் ப்ராஜெக்டுக்கும் இது பொருந்தும். ஒருவர் மில்லிமீட்டரிலும் இன்னொருவர் அங்குலத்திலும் வரைந்து, சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவில் அரம் வைத்துத் தேய்க்கும் காட்சி பலருக்கும் பழக்கமானதுதான். அங்கே வீணாவது ஒரு ராத்திரித் தூக்கம். துலூஸில் அதே தவறு 480 கோடி யூரோவானது.